பார்க்கிங்

ரயில் மாறும் ஊருக்குப் பெயர் பார்க்கிங்.
வாரம் ஐந்து நாள்
மஞ்சள் கோட்டின் மேல் நிற்கும் வண்டிகளுக்கு
நான் தண்டச் சீட்டு எழுதும் வேலைக்கும் பெயர் பார்க்கிங்.
தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்.
சனிக்கிழமை அதில் இறங்கி, அதைக் கடந்து,
லீ-ஆன்-சீ போகிறேன்,
கையில் மடக்கு நாற்காலி,
பையில் ஊறுகாய்ப் போத்தல் நிறைய டர்பன்டைன்.

மட்டி அவிக்கும் கொட்டகைகளின் பின்னால்
கடற்சுவர் ஓரம் ஏற்கெனவே ஐந்து முதுகுகள்.
முதுகுகளைத்தான் முதலில் தெரியும் எனக்கு.
முகங்கள் பழக இரண்டு மாதம் ஆயிற்று.
தபால்காரராயிருந்த கிளமென்ட் நின்றபடியே வரைவார்.
டோரோட்டா, பல் ஆஸ்பத்திரிக் கையுறை மாட்டி,
பலகையை மடியில் சாய்த்து.
மார்னி காற்றைத் திட்டியபடி.
கணவன் மனைவியா என்று இன்றுவரை நான் கேட்காத
ஓவனும் ஃபிலிப்பாவும், ஒரே பிளாஸ்கோடு.
வா என்று யாரும் சொல்வதில்லை.
ஒருவர் சற்று நகர்வார்.
அந்த இடம் எனக்கு.

எதிரே சேறு.
சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தது ஒரு படகு, பெயர் ஹெட்டி.
கொண்டுபோன பழுப்பு எதற்கும் உதவவில்லை.
சேற்றுக்குள் ஊதா இருக்கிறது,
உற்றுப் பார்த்தால் பச்சை,
பார்த்துக்கொண்டே இருந்தால் வானம்.
கிளமென்ட் கேட்காமலே தன் நீலத்தில் கொஞ்சம்
என் தட்டோரம் பிதுக்கிவிட்டுப் போனார்,
பந்தியில் இரண்டாம் முறை
கூட்டு வைப்பவர் போல.

இரண்டு மணி நேரத்தில் நாங்கள் பேசியது:
மழை வருமா?
வராது.
யாரிடமாவது துணி இருக்கிறதா?
பிறகு மழை வந்தது, ஏழு நிமிடம்.
இருந்த ஒரே தார்ப்பாய்க்குள்
ஆறு படங்களையும் நிறுத்திவிட்டு
ஆறு பேரும் வெளியே நனைந்தோம்.

பதினொன்றரைக்கு ஓதம் ஏறத் தொடங்கியது.
முதலில் சேற்றின் கீறல்களில் மட்டும்,
திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லா இடத்திலும்.
ஹெட்டி மெல்ல முதுகு நிமிர்த்தினாள்.
என் சாய்ந்த கோடெல்லாம் பொய்யாயிற்று.
அப்புறம்
இடுப்புவரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் வந்தார்,
எங்களைப் பார்த்தார், படகைப் பார்த்தார்,
தொப்பியைத் தொட்டு மன்னிப்புப் போல் ஏதோ சொன்னார்,
எஞ்சினைத் தட்டி எழுப்பி
கேன்வி தீவுப் பக்கம் போயே போய்விட்டார்.

வண்டியை எடுங்கள் எடுங்கள் என்று
எத்தனை பேரிடம் மன்றாடியிருக்கிறேன்!
எத்தனை கண்ணாடிகளில் சீட்டு ஒட்டியிருக்கிறேன்!
நிறுத்தியதை ஒருவன் எடுத்துப் போனதற்காக
என் வயிறு எரிந்தது
அன்றுதான்.

முதலில் சிரித்தவர் மார்னி.
டோரோட்டா தன் பலகையை
எங்கள் பக்கம் திருப்பிச் சுவரில் சாத்தினாள்.
ஒவ்வொன்றாகத் திரும்பின மற்றவையும்.
பாய்மரத்தின் வளைவு அவளிடம் இருந்தது.
துரு, அதன் சரியான ஆரஞ்சோடு, கிளமென்டிடம்.
ஓவனிடம் நங்கூரக் கயிறு மட்டும்,
காலை முழுக்க அந்தக் கயிற்றைத்தான் வரைந்திருக்கிறார்.
பெயரின் கடைசி எழுத்தில் பாதி உதிர்ந்திருந்ததை
நான் ஒருவன்தான் பிடித்து வைத்திருந்தேன்:
நம்பர் பிளேட் வாசித்துப் பழகிய கண்.

ஊர் கூடித் தேர் இழுப்பார்கள்.
நாங்கள் ஆறு பேர் கூடி
போன படகைத் துண்டு துண்டாகத் திரும்ப இழுத்தோம்.
எதிரே வெறும் தண்ணீர்,
அதில் ஒரு வாத்து.
ஃபிலிப்பா தேநீர் ஊற்றினார்,
மூடியிலேயே, ஆளுக்கொரு மிடறு.
என் தூரிகை அதற்குள்ளும் ஒருமுறை போய் வந்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.

மாலை ரயிலில்
ஈரம் காயாத படத்தை நெஞ்சுக்கு முன் பிடித்தபடி
பார்க்கிங் வரை நின்றுகொண்டே வந்தேன்.
வீட்டுச் சமையலறை விளக்கில்தான் கவனித்தேன்:
ஹெட்டியின் நிழல் இரண்டு பக்கமும் விழுந்திருக்கிறது.
இடப்பக்கம் விழுவது என் பத்து மணி.
மற்றது யாருடைய நேரமோ.
திருத்தவில்லை.